கவலை ஈமானின் குறையா?



நம் சமூகத்தில் ஒரு பேச்சு வழங்கி வருகிறது. ஒருவர் கடன் தொல்லையாலோ வியாபார நஷ்டத்தாலோ தூக்கமிழந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்துத் தவிக்கிறார் என்றால், அவருக்குத் தவக்குல் போதாது, ஈமான் பலவீனம் என்று சிலர் சுலபமாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இது நியாயந்தானா என்பதை இங்கு சற்று ஆராய விரும்புகிறோம். ஏனெனில் இந்தத் தீர்ப்புக்குப் பயந்தே பலர் தம் வேதனையை மனைவி மக்களிடங்கூடச் சொல்லாமல் மறைத்து வாழ்கின்றனர். மறைத்த வியாதி வளருமேயன்றிக் குறையாது.

முதலில் திருமறையைப் பார்ப்போம். மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யாகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று சூரா யூசுஃபில் வருகிறது. அவர்களோ அல்லாஹ்வின் நபி. அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள். அவர்களுடைய ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்? உள்ளத்தில் பொறுமை நிலைத்திருக்கும்போதே துயரம் சரீரத்தைத் தாக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களும் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் பாதுகாவல் தேடித் துஆச் செய்து வந்தார்கள். கவலையும் கடனும் ஒரே துஆவில் சேர்ந்து வருவதை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 488, அதாவது 1095-ஆம் ஆண்டில், பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பெரும் புகழுடன் போதித்து வந்த காலத்தில் அவர்களுக்கு நாவு கட்டுண்டது. பாடம் சொல்ல வாய் வரவில்லை, உணவு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தின் பாரம் இறங்கினாலன்றி மருந்து பலிக்காது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். இதை இமாம் அவர்களே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இஸ்லாத்தின் ஆதாரம் என்று உலகம் போற்றும் ஒருவர் வெட்கப்படாத விஷயத்தில், கடைத்தெருவிலுள்ள நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

உள்ளத்தின் கவலை உடம்பைப் பிடிப்பது எப்படி? அமெரிக்க அறிஞர் வால்டர் கானன் 1915-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஆபத்தைக் கண்டதும் மூளை நரம்புகளின் வழியே செய்தி அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. ஈரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. வயிற்றின் வேலை மந்தப்படுகிறது. ஓடுவதற்கோ போராடுவதற்கோ உடம்பு தயாராகிறது. புலியைக் கண்டவனுக்கு இது அல்லாஹ்வின் அருள். புலி போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

ஆனால் கடை வாடகையும், சரக்குப் பாக்கியும், வேலையாளின் பெர்மிட்டும் போகாத புலிகள். காலையில் கதவைத் திறக்கும்போதும் நிற்கின்றன. இரவில் படுக்கும்போதும் நிற்கின்றன. கனடாவில் ஹான்ஸ் செலியே என்பவர் எலிகளைக் கடுங்குளிர், மிதமிஞ்சிய உழைப்பு போன்ற துன்பங்களுக்கு உள்ளாக்கிப் பார்த்து, 1936-ல் முடிவை வெளியிட்டார். துன்பம் எதுவாயினும் விளைவு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி பருத்தது, வயிற்றில் புண் கண்டது. மனிதருக்கும் ஓயாத நெருக்கடி தூக்கத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். மறதியும் முன்கோபமும் தரும். கடையில் தோன்றிய சூடு வீட்டில் பிள்ளைகள் மீது கொட்டுவது இதனால்தான்.

ஏற்றி வைத்த இறைவன் இறக்கும் வழியையும் நமக்குள்ளேயே வைத்திருக்கிறான். மூளையிலிருந்து இருதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கிச் செல்லும் வேகஸ் என்ற நரம்பு, வண்டிக்குப் பிரேக் போன்றது. மூச்சை வெளியே விடும்போது அதன் பிடி கூடி இருதயம் சற்று நிதானிக்கிறது. ஆகவே படபடப்பு வரும்போது மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக விட்டு, ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் பலன் தெரியும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், ஒளுச் செய்யவும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததும், பகலில் சிறிது கண்ணயர்வது சுன்னத்தாக இருப்பதும் நாம் அறிந்தவையே. தொழுகையை வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று அவசரமாக முடிக்காமல், ருகூவிலும் ஸுஜூதிலும் நிதானித்துத் தொழ வேண்டும். அஸருக்குப் பின் பேராக் ஆற்றங்கரையில் அரைமணி நேரம் நடப்பதும், இரவில் கோப்பியைக் குறைப்பதும் செலவில்லாத வைத்தியங்கள்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கவலைப்படாவிட்டால் பொறுப்பற்றவன் என்று நம்மவர்களில் பலர் எண்ணுகின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்தார்கள். கணக்கெழுதி, பாக்கியைக் குறித்து, கல்லாவைப் பூட்டுவது ஒட்டகத்தைக் கட்டுவது. அதற்குப் பின் இரவு முழுவதும் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுப்பல்ல. அதனால் ஒரு காசும் கூடுவதில்லை. ஹிஜ்ரி 322-ல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், வீட்டில் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்து, கவலை வரும் வேளையில் எடுத்துப் பயன்படுத்துமாறு ஆலோசனை கூறியிருக்கிறார். சரக்கு இருப்பு வைக்கத் தெரிந்த நமக்கு இது புரியாததல்ல.

இவற்றாலும் தீராவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். நம் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே கேலியாகிவிட்டது. 1911-ல் அங்கே தோன்றிய மருத்துவமனைக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். கேலி மட்டும் மாறவில்லை. நாட்டின் சுகாதார ஆய்வுப்படி மனச்சோர்வு கண்டவர்கள் 2019-ல் நூற்றுக்கு 2.3 பேர், 2023-ல் 4.6 பேர். இதில் நம் ஜமாஅத்தார் இல்லாமலா இருப்பார்கள்? நம் கோலா கங்சாரின் உபுதியா பள்ளிவாசலே, சுல்தான் இத்ரீஸ் ஷா அவர்கள் தம் நோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்ப நேர்ந்துகொண்டது. 1917-ல் கட்டி முடிந்தது. அரசருக்கு நோய் வந்தது அவமானமாகவில்லை. நரம்பில் வரும் நோய்க்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

கடைசியாக ஒன்று. மூச்சும் நடையும் உடம்பைத் தணிக்கும். ஆனால் நாளைக் காலை பாக்கிக்காரர் வந்து நிற்பார் என்ற பயத்தை அவை முழுதும் போக்கமாட்டா. அதைப் போக்கும் மருந்து பாக்கிக்காரரிடமே இருக்கிறது. கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது மேலும் சிறந்தது என்றும் சூரா பகராவில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். 2020 மார்ச் 18 முதல் நாடே அடைபட்டுக் கிடந்தபோது, வாடகையைத் தள்ளி வாங்கிக்கொண்ட கட்டடச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் காப்பாற்றினார். நம்மில் ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியவர். மற்றொருவரிடம் வாங்க வேண்டியவர். ஆகவே நடுங்கும் கையைக் கண்டால் அவர் ஈமானை எடை போடாமல், நம் சிட்டையில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போமாக.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியையும், நம் கைகளுக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.