அபராதமும் அறமும்

2023-இல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு மார்ச்சில் பெங்களூரு தண்ணீரின்றித் தவித்தது. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரால் வாகனங்களைக் கழுவவும் தோட்டங்களுக்குப் பாய்ச்சவும் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம்.

வசதி படைத்தவர் ஒருவர், 'அபராதத்தைச் செலுத்திவிட்டால் என் பொறுப்புத் தீர்ந்தது' என்று எண்ணக்கூடும். அபராதம் தண்ணீரின் விலை அன்று. அப்பணம் கருவூலத்தைச் சேரும். வீணான நீர் அடுத்த தெருவில் காத்திருக்கும் தாயின் குடத்தைச் சேராது.

'என் கிணறு, என் நீர்' என்பதும் நிலைக்காத வாதமே. மண்ணுக்கு மேலே மதில் எழுப்பலாம். அடியில் ஊறும் நீருக்கு வேலி இல்லை. ஒருவர் மேலும் ஆழமாகத் துளைத்து இறைக்கும்போது அயலாரின் கிணறு வறள்கிறது.

அப்படியானால் சட்டம் எதற்கு? பிறர் மனம் பக்குவமடையும்வரை தாகம் காத்திராது. ஆகவே சட்டம் வேண்டும். ஆயினும், மூடிய கதவுக்குள் திறந்துவிடப்படும் குழாயை எந்த அதிகாரியும் காண்பதில்லை. அங்கே மனச்சாட்சி ஒன்றே காவல்.

தண்டனைக்கு அஞ்சி மூடிய குழாய், மழை வந்ததும் பழையபடி திறந்துகொள்ளும். முகமறியாத ஒருவரின் தாகத்தை எண்ணி மூடப்பட்டதோ, ஏரி நிரம்பிய பின்னும் அளவறிந்தே திறக்கும். அதுவே தன்னடக்கம்.