மூக்கைத் தாழ்த்துதல்

2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறு பயிற்சி விமானம் கீரனூருக்குப் பக்கத்தில் திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். விமானத்தின் முன்புறம்தான் அடிபட்டது. பஸ் போகிற தார்ச்சாலையில் இறக்கையை விரித்துக்கொண்டு அது நின்ற படம் மாலைக்குள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஜேடர்பாளையம் டீக்கடையில் அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏனுங்க, அதே ரோட்டுலதானே திருச்சி ஏர்போர்ட்டு இருக்குது? இன்னுங் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுப் போயிருக்கக் கூடாதுங்களா?”

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் இழுத்துப் பிடிப்பது ஒரு குணமாகவே மதிக்கப்படும். மழை பொய்த்தாலும் மஞ்சள் விலை விழுந்தாலும் இழுத்துப் பிடித்து நிற்பவன்தான் கெட்டிக்காரன். அதனால் அந்தப் பெரியவரின் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. விமானம் ஓட்டுவது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, பிழைத்த அந்த இருவரும் செய்யாமல் விட்டது அந்த இழுத்துப் பிடிப்பைத்தான் என்று புரிந்தது.

என்ஜின் நின்றால் விமானம் அப்படியே கீழே விழுந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். விழாது. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக ஓடும் செஸ்னா 172 போன்ற சிறு விமானம், என்ஜின் இல்லாமலேயே ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போகும். 5,000 அடி உயரத்தில் இருந்தால் 13 கிலோமீட்டர் வரை மிதந்து வரலாம். நல்ல இடமாகப் பார்க்கலாம், ரேடியோவில் பேசலாம், என்ஜினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாம். 500 அடியில் இருந்தால் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. கையில் இருப்பது சுமார் 40 விநாடி.

என்ஜின் ஏன் நிற்கிறது என்பதற்குப் பல காரணங்கள். பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது அதில் தண்ணீர் கலந்திருக்கும். ஈரக் காற்று வீசும் நாளில், வெளியே 20 டிகிரி வெப்பம் இருக்கும்போதே கார்புரேட்டருக்குள் பனி கட்டிக்கொள்ளும் என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. இதற்கெல்லாம் தரையிலேயே சோதனைகள் இருக்கின்றன. பறப்பதற்கு முன் மாணவர்கள் ஒவ்வொரு டேங்கிலிருந்தும் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். அவ்வளவு பார்த்தும் சில நாள் நின்றுவிடுகிறது.

நின்ற அந்த நொடியில் மனிதக் கை என்ன செய்யும் என்பதுதான் விஷயம். எதிரே தரை ஏறி வருகிறது. கை தானாகவே கண்ட்ரோலைத் தன் பக்கம் இழுக்கும், மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினால் ஒரு கணம் உயரம் குறையாததுபோல் இருக்கும். ஆனால் அந்த ஒரு கணத்துக்கு வேகத்தை விலையாகக் கொடுத்திருப்போம். இறக்கை காற்றை வெட்டும் கோணம் 15, 16 டிகிரியைத் தாண்டியதும் காற்று இறக்கையோடு ஒட்டாமல் பிரிந்துவிடும். தாங்கும் சக்தி போய்விடும். இதை ஸ்டால் என்கிறார்கள். இப்போதுதான் விமானம் நிஜமாகவே விழும். அதுவரை அது இறங்கிக்கொண்டு மட்டுமே இருந்தது.

எனவே முதல் வாரங்களிலிருந்தே மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது: என்ஜின் போனால் மூக்கைத் தாழ்த்து. தரையை நோக்கித் தாழ்த்து. மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் வேகத்தை வைத்துக்கொள். அந்த வேகம் இருக்கிறவரை விமானம் உன் சொல் கேட்கும்.

அடுத்த பாடம் இன்னும் கடினமானது. ஓடுபாதையை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் என்ஜின் நின்றால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாதே, எதிரில் இருப்பதில் இறங்கு. பின்னால் வழவழப்பான ஓடுபாதை, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், தெரிந்த முகங்கள். முன்னால் யாரோ ஒருவரின் கரும்புக் காடு. யாருக்குத்தான் திரும்பத் தோன்றாது? ஆனால் திரும்புவது என்றால் வெறும் அரைவட்டம் அல்ல. பாதைக்கு நேராக மறுபடி வளைந்து வர வேண்டும். 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கையின் மேல் சுமை 1.4 மடங்காகிறது, ஸ்டால் ஆகும் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. உயரமும் இல்லை, வேகமும் இல்லை, சுமை மட்டும் கூடுதல். திரும்பப் பார்த்துப் பாதி வட்டத்திலேயே போனவர்கள் ஏராளம்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டம் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்தபோது, செஸ்லி சல்லன்பெர்கர் ஓட்டிய விமானம் ஏறக்குறைய 2,800 அடியில்தான் இருந்தது. 155 பேரோடு ஹட்ஸன் ஆற்றில் இறக்கினார், எல்லாரும் பிழைத்தார்கள். விசாரணையின்போது சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்ததில், பறவை மோதிய கணமே திரும்பியிருந்தால் விமான நிலையத்தை எட்டியிருக்கலாம் என்று வந்தது. ஒரு மனிதன் நடந்ததைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க 35 விநாடி கொடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். எட்ட முடியவில்லை. டீக்கடைப் பெரியவரின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ‘இன்னுங் கொஞ்சம்’ என்பது எப்போதும் பிறகு உட்கார்ந்து பார்ப்பவர்களின் கணக்கு.

தரையிலும் இப்படி மூக்கைத் தூக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் போர்வெல் ரிக் வைத்திருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்குகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுபவை. இவருடையது வடக்கே போயிருந்தது. ஒரு கட்டத்தில் டீசல் விலை ஏறியது, போட்ட குழிகளுக்குப் பணம் நின்றது, ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அப்போதே வண்டியை விற்றிருந்தால் கடன் போகக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சித்தி அதைச் சொன்னார்கள். “வித்துட்டேன்னா ஊருல என்ன பேசுவாங்க?” என்றார் சித்தப்பா. தவணை கட்ட நகை போனது. நகையை மீட்க வட்டிக்கு வாங்கினார். அந்த வருடம்தான் மகள் கல்யாணம். சுருக்கமாக வைத்தால் கஷ்டம் வெளியே தெரிந்துவிடுமே என்று பெரிய மண்டபமாகப் பிடித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் ஆள் இன்னும் உயரத்தில்தான் இருக்கிறார் என்று நம்பினோம். மறுவருடம் வாய்க்கால் பாசன நிலம் போயிற்று, ரிக்கும் போயிற்று.

அதே காலத்தில் அதே தொழிலிலிருந்த இன்னொருவர் முதல் அடியிலேயே வண்டியை நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு, வேறொருவர் ரிக்கில் சம்பளத்துக்கு ஏறினார். “அவன் உளுந்துட்டானப்பா” என்றது ஊர். அவர் விழவில்லை, இறங்கினார். இன்றைக்கு வெல்ல ஆலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. நிலம் இருக்கிறது.

இப்படி இறங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பார்க்க எங்கள் ஊருக்கு விமானம் தேவையில்லை. காவிரியின் படுகையணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பரமத்திவேலூர் பக்கமாகப் போகிறது. வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்பார்கள். அணைக்கட்டு அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. ஆறும் இறங்குகிறது, வாய்க்காலும் இறங்குகிறது. ஆறு மளமளவென்று இறங்கிவிடும். வாய்க்கால் அப்படியல்ல, அணையில் கிடைத்த உயரத்தைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கும்படி அதற்குச் சரிவு வைத்திருக்கிறார்கள். அதனால் போகப் போக ஆற்றுமட்டத்தைவிட மேலே நிற்கிறது, மடையைத் திறந்தால் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தானாகப் பாய்கிறது. மோட்டார் கிடையாது. என்ஜின் இல்லாத விமானமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. மூக்கை அதிகம் தூக்கினாலும் கெட்டது, அதிகம் கவிழ்த்தாலும் கெட்டது. நடுவே ஒரு சரிவில்தான் அதிக தூரம் போகலாம்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எல்லாம் அவரவர் கையில் இருப்பதாக ஆகிவிடும். அது உண்மை இல்லை. வாய்க்காலுக்குச் செலவழிக்க உயரம் இருக்கிறது என்றால், அதற்கு முன் யாரோ அணை கட்டி அந்த உயரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். 1983-ல் கனடாவில் ஒரு போயிங் 767, எரிபொருளை கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டதால் நடுவானில் டேங்க் காலியாகி, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் பத்திரமாக இறங்கியது. விமானி கெட்டிக்காரர்தான், கிளைடர் ஓட்டிப் பழகியவர். ஆனால் கோளாறு தெரிந்தபோது அவர் 41,000 அடியில் இருந்தார். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் எழும்பிய சில விநாடிகளில் இரண்டு என்ஜின்களும் உந்துவிசையை இழந்தன; எழும்பியதிலிருந்து அரை நிமிடத்தில் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின் மேல் விழுந்தது. விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தார்கள். எதிரே வயலும் இல்லை, ஆறும் இல்லை. அந்த உயரத்தில் எந்தத் திறமையும் எட்டாது.

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவரிடமும் கோழிப் பண்ணையில் குடும்பத்தோடு தங்கி முட்டை பொறுக்குபவரிடமும் போய் மூக்கைத் தாழ்த்துங்கள் என்று சொன்னால், அவர்கள் சிரிப்பார்கள், அல்லது சிரிக்க மாட்டார்கள். அவர்கள் பறப்பதே 100 அடியில். ஒரு மருத்துவச் செலவு வந்தால் தரைதான். என் சித்தப்பாவுக்கு 40 விநாடியாவது இருந்தது. அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

விமானிகளிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. ஓடுபாதையின் முனையில் நிற்கும்போதே, என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள்: ஓடுபாதையிலேயே கோளாறு என்றால் பிரேக் போட்டு நிறுத்துவேன், எழும்பி இத்தனை அடிக்குள் என்றால் நேராக எதிரில் இறங்குவேன், திரும்ப மாட்டேன், அதற்கு மேல் என்றால்தான் திரும்புவதை யோசிப்பேன். மேலே போனபிறகு மூளை எப்படிப் பேரம் பேசும் என்று தெரிந்ததால் கீழேயே பேசி முடித்துவிடுகிறார்கள். கௌரவம், பயம், ‘இன்னுங் கொஞ்சம்’ எல்லாம் அப்புறம்தான் வந்து சேரும்.

சித்தப்பா மகன் போன தையில் பழைய லாரி ஒன்று வாங்கினான். ஃபைனான்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடுமுன் அவன் மனைவி ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். “ஏனுங்க, எத்தனை தவணை தவறுனா வண்டியக் குடுத்துருவீங்கன்னு இதுல எழுதுங்க.” அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியம் தொடங்கும்போது என்ன பேச்சு இது என்றான். அவள் விடவில்லை, சித்தியும் மருமகள் பக்கம் நின்றார்கள். கடைசியில் மூன்று என்று எழுதினான். மூன்று அதிகம், இரண்டு போதும் என்றேன் நான். லாரித் தொழில் தெரியாதவன் பேசுகிறேன் என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.