மயக்க ஊசிக்கு முன் ஒரு கேள்வி

பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கம் நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருள்வதற்கு ஒரு பாட்டிதான் காரணம் என்பது எங்கள் பக்கத்துக் கதை. சவரம் செய்துகொள்ளக் காவிரிக்கரைக்குப் போன பேரன் ரங்கனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி அரற்றினாள். மழித்த முகத்தோடு பேரன் வடிவில் அரங்கனே வந்து, அவள் போட்ட பழையதையும் மாவடுவையும் சாப்பிட உட்கார்ந்தார். நிஜப் பேரன் எங்கேயோ கரையேறி வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பக்தர்கள் இதில் அரங்கனின் கருணையைப் பார்க்கிறார்கள். எனக்கோ அந்தப் பாட்டியை விட்டு நினைப்பு நகர்வதில்லை. எடுத்து வளர்த்தவள், முகத்தையும் முடியையும் எதிரிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது யார் என்று அறியாமல் சோறு போட்டாள்.

வெளியே தெரிவதைக் கொண்டு உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியுமா? முடியும் என்று மருத்துவம் கொஞ்சகாலம் நம்பிய ஒரு விஷயம் உண்டு: செந்நிற முடி. நம்மூரில் எண்ணெய் காணாமல் செம்பட்டையாகிப்போன தலையையோ மருதாணித் தலையையோ சொல்லவில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கம் பிறவியிலேயே வரும் செம்முடி. உலக மக்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட அது கிடையாது. எம்.சி.1.ஆர். என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், முடியில் கறுப்பு நிறமி குறைந்து சிவப்பு நிறமி மிகுந்துவிடுகிறது.

செம்முடிக்காரர்களை மயக்கத்தில் ஆழ்த்துவது கடினம் என்று ஆபரேஷன் தியேட்டர்களில் வெகுநாளாக ஒரு பேச்சு இருந்தது. 2004-ல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தார் செம்முடிப் பெண்கள் 10 பேரையும் கருமுடிப் பெண்கள் 10 பேரையும் வைத்துச் சோதித்தார்கள். டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு செம்முடிக்காரர்களுக்கு 19 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டது. மறு ஆண்டு, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஊசியும் அவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். 2009-ல் வந்த ஆய்வுதான் என்னைத் தொட்டது. இந்த மரபணு மாற்றம் உள்ளவர்கள் பல் டாக்டரிடம் போவதைத் தவிர்ப்பது மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஊசி போட்டும் வலிக்கிறது என்றால் "அதெல்லாம் பயம்தான்" என்று பதில் வரும் இடத்துக்கு யார் திரும்பப் போவார்கள்?

கதை இங்கே முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். 2012-ல் 468 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், மயக்க மருந்தின் அளவிலோ அறுவைக்குப் பிந்தைய வலியிலோ முடி நிறத்தால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2021-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் செந்நிற எலிகளைச் சோதித்தபோது, அவை மற்ற எலிகளைவிட அதிக வலியைத் தாங்கின. ஆக, முடியைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானித்துவிட முடியாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதைவிட அழுத்தமான ஒரு சங்கதி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதற்கு வெளி அடையாளம் ஒன்றுமே கிடையாது.

பெரிய அறுவைச் சிகிச்சையில் மயக்கம் கொடுத்ததும் தொண்டைக்குள் குழாய் செலுத்த வேண்டும். அதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்துகளில் ஒன்று சக்சினைல்கோலின். ஊசி ஏறி ஒரு நிமிடத்துக்குள் உடம்பில் நாம் இயக்கும் தசைகள் எல்லாம் செயலிழக்கும். மூச்சும் நின்றுவிடும், மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். ஐந்து, பத்து நிமிடங்களில் மருந்து தானே சிதைந்துவிடும். அதைச் சிதைப்பது கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அந்த நொதி வேலை செய்யாதவருக்கு நிமிடங்கள் மணிக்கணக்காக நீளும். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி, மனோகரன் முதலியோர் அமெரிக்காவின் ஒக்சானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஆரிய வைசிய சமூகத்தில் ஏறத்தாழ 24 பேரில் ஒருவருக்கு இந்த நொதி வேலை செய்வதில்லை. ஐரோப்பியர்களிடம் லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி. நொதிப் புரதத்தின் 307-வது இடத்தில் லியூசின் இருக்க வேண்டியது புரோலினாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதனால் அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, வியாபாரம் பார்த்து, பேரன் பேத்தி எடுத்து வாழ்கிறார்கள். இந்த ஒரு மருந்தையும் அதன் உறவுக்கார மருந்து ஒன்றையும் சந்திக்கும்வரை அந்தக் குறை இருப்பதே தெரியாது.

காரணம் குலப்பெருமையும் இல்லை, குலக்குறையும் இல்லை. எப்போதோ ஒரு சிறு முன்னோர் கூட்டத்தில் இருந்த மாற்றம், தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்ததால் பெருகிவிட்டது. தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டு வந்த நம் ஒவ்வொரு சாதியிலும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். மற்றவற்றை இன்னும் முழுமையாகத் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

இதனால் மயக்க மருத்துவர்கள் சிலர் அறுவைக்கு முன் சமூகத்தை விசாரிக்கிறார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்த மாநிலம் இது. இங்கே தியேட்டர் வாசலில் அந்தக் கேள்வி வந்தால் எவருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். உயிரைக் காக்கக் கேட்கிறார் என்பதால் நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் போதாத கேள்வி என்பேன். "செட்டியார்" என்று பதில் வந்தால் எந்தச் செட்டியார்? நகரத்தாரா, வாணியரா, ஆரிய வைசியரா? கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளையிடம் என்ன கேட்பார்? அந்தச் சமூகத்திலும் பெரும்பாலோருக்கு இது இல்லை, வெளியே இருக்கும் சிலருக்கு உண்டு. பதில் இரத்தப் பரிசோதனையில்தான் கிடைக்கும். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு விவசாய மாவட்ட மருத்துவமனைகளில் அன்றாடம் பார்ப்பதும் இதே நொதியின் அளவைத்தான். டெல்டாக்காரர்களுக்கு இது புதிய சோதனை இல்லை.

மருந்தின் அளவை உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். அது ஒரு சராசரி மனிதனுக்கான அளவு. அந்தச் சராசரி மனிதன் எந்தக் கட்டிலிலும் படுத்ததில்லை. படுத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாட்டன் பூட்டனிடமிருந்து, தானும் அறியாத ஒன்றை உடம்பில் வாங்கிக்கொண்டு வந்தவர்.

இதில் என்னை உறங்கவிடாத ஒரு சாத்தியம் உண்டு. சக்சினைல்கோலின் தசையைத்தான் கட்டிப்போடும், உணர்வை மறைக்காது. மயக்கம் தெளிந்த பிறகும் அந்த மருந்து சிதையாமல் இருந்துவிட்டால், படுத்திருப்பவருக்குப் பேச்சு கேட்கும், தொண்டைக் குழாய் உறுத்தும், ஆனால் இமையைக்கூட அசைக்க முடியாது. பார்ப்பவருக்கு அமைதியாக உறங்குவதாகத் தோன்றும். செம்முடிக்காரர் வலிக்கிறது என்று சொன்னார், நம்பவில்லை. இவரால் சொல்லவே முடியாது. வலிக்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு, அதை அனுபவிப்பவர். சாதியும் முடியும் எடையும் அந்தச் சாட்சிக்கு ஈடாகாது. வாய் திறக்க முடிகிறவர் சொல்வதை நம்புவதும், வாய் திறக்க முடியாமல் போகக்கூடியவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்வதும்தான் வைத்தியத்தின் முதல் வேலை. மருந்துச்சீட்டு அதற்குப் பிறகு.

நோயாளிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்ப நேரமாகியிருக்கிறதா, மரப்பு ஊசி போட்டும் பல் பிடுங்கும்போது வலித்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். மயக்க மருத்துவர் விசாரிக்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். நொதிக்குறை உண்டு என்று தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவர்களையும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.