துயரத்திற்குச் சாட்சி யார்?

ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானி சொல்லிவிடும். எலும்பு முறிந்தது என்றால் எக்ஸ்ரே படம் காட்டிவிடும். ஆனால், "என் மனம் இருண்டு கிடக்கின்றது, எதிலும் நாட்டமில்லை" என்று ஒருவர் கூறும்போது அதற்குச் சாட்சி யார்? அவருடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சொல் எத்தனையோ வீடுகளில் சோம்பல் என்றும், பிடிவாதம் என்றும், பாசாங்கு என்றும் பெயர் சூட்டப்பெற்றுப் புறக்கணிக்கப்பட்டிருக்கின்றது. நம்பியிருந்தால் காப்பாற்றியிருக்கக் கூடிய உயிர்கள் நம்பாமையால் மாய்ந்ததும் உண்டு.

இன்று, ஒளியைக் கொண்டு மூளையின் உழைப்பை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. மனநோய்க்குப் புறச்சாட்சி ஒன்று கிடைத்துவிட்டதா? கிடைத்திருப்பின் அதன் தகுதி யாது? இவ்விரு வினாக்களையும் நாம் நிதானமாக ஆராய வேண்டியிருக்கின்றது.

இருட்டில் கைவிளக்கின் மீது விரல்களை வைத்தால் அவற்றின் ஓரம் செந்நிறமாக ஒளிர்வதைச் சிறுவயதில் நாம் கண்டிருக்கின்றோம். மற்ற நிறங்களைக் குருதியும் தசையும் பெரிதும் விழுங்கிக்கொள்ள, சிவப்பு ஊடுருவி வருகின்றது. சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். மண்டை ஓட்டைத் திறவாமல் இவ்வொளியைக் கொண்டே மூளைக் குருதியின் பிராணவாயு நிலையை அறியலாம் என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். பிராணவாயுவை ஏந்திய ஹீமோகுளோபின் ஒளியை ஒருவிதமாகவும், அதனை இழந்த ஹீமோகுளோபின் வேறுவிதமாகவும் உறிஞ்சுகின்றன என்பதே இதன் அடிப்படை. கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்து, விரல் நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரும் இவ்வடிப்படையில் இயங்குவதுதான்.

மூளையின் எப்பகுதி உழைக்கின்றதோ அப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது. அந்தப் பாய்ச்சலை ஒளியால் அளக்கும் முயற்சிகள் 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெற்றி பெற்றன. இம்முறையில் காந்தக் கருவியின் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி நாற்காலியில் அமர்ந்து, தொப்பி போன்ற ஒன்றை அணிந்துகொண்டு பேசலாம். அஞ்சியும் தளர்ந்தும் வருகின்ற மனநோயாளிகளுக்கு இஃது ஒரு பெரும் நன்மை அன்றோ?

ஜப்பான் இதனை மருத்துவமனைக்குள் கொண்டு சென்றது. மனச்சோர்வோடு வருபவரிடம், குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்கின்றனர். 60 விநாடிகள் அவர் சொற்களைத் தேடும்போது, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியில் குருதி எவ்வளவு ஏறுகின்றது, எப்போது உச்சத்தை எட்டுகின்றது என்று கருவி வரைகின்றது. மனச்சோர்வு நோயில் அந்த ஏற்றம் பொதுவாகக் குறைந்து காணப்படுகின்றது. சோர்வும் மிகைக் கிளர்ச்சியும் மாறிமாறி வரும் இருமுனை நோயிலும், மனச்சிதைவு நோயிலும் ஏற்றத்தின் காலம் பிறழ்கின்றது. 2009இல் இச்சோதனையை மேம்பட்ட மருத்துவ முறைகளுள் ஒன்றாக அந்நாட்டு அரசு ஏற்றது. 2014 ஏப்ரலில் பொதுக் காப்பீட்டிலும் சேர்த்தது. ஆயினும், நோயை வேறுபடுத்தி அறிவதற்கான "துணை" என்னும் நிலையைத்தான் அதற்கு அளித்தது. அந்த ஒரு சொல்லில்தான் இக்கட்டுரையின் பொருளே அடங்கியிருக்கின்றது.

இத்துணை ஏன் வேண்டும்? இருமுனை நோயுடையவர் பலர் சோர்ந்திருக்கும் காலத்தில்தான் மருத்துவரிடம் வருகின்றனர். அவரை வெறும் மனச்சோர்வு நோயாளி எனக் கொண்டு அதற்குரிய மருந்தை மட்டும் கொடுத்தால், சிலருக்கு மிகைக் கிளர்ச்சி மூண்டுவிடும். ஆகவே பிரித்தறிவது உயிரோடு தொடர்புடைய காரியம். துயரத்தைப் பிரித்தறியும் இம்முயற்சி புதியதும் அன்று. 934இல் மறைந்த பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருங்கே பேசும் தம் நூலில், காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என இரண்டாகப் பகுத்தார். பின்னதன் வேரை உடலில், குருதியின் கேட்டில் தேடினார். இன்றைய கருவியை அவர் முன்னறிந்தார் என்று நாம் பெருமை பேச வேண்டியதில்லை. நோயாளியின் சொல்லைக் கவனித்துக் கேட்டதனால்தான் அவரால் பகுக்க முடிந்தது என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

கருவியின் தகுதிக்கு வருவோம். ஜப்பானில் 7 மருத்துவமனைகளில் 673 நோயாளிகளையும் 1007 நலமுள்ளோரையும் கொண்டு நடந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மனச்சோர்வு நோயாளிகளுள் 74.6 விழுக்காட்டினரையும், ஏனைய இரு நோயுடையோருள் 85.5 விழுக்காட்டினரையும் கருவி சரியாக இனங்கண்டது. பாராட்டத்தக்க அளவுதான். ஆனால் மறுபுறம் திருப்பிப் பார்த்தால், மனச்சோர்வு நோயாளிகள் நால்வரில் ஒருவரை அது தவறான வரிசையில் நிறுத்தியது. ஆய்வாளருக்கு அது விழுக்காடு. அந்த ஒருவருக்கோ அது முழு வாழ்வு.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. கருவி "சரியாக" இனங்கண்டது என்கின்றோமே, எதனோடு ஒப்பிட்டு? மருத்துவர் நோயாளியோடு உரையாடி முடிவு செய்த நோய்ப் பெயரோடு ஒப்பிட்டுத்தான். அஃதாவது, இந்த அளவுகோலே மனிதன் மனிதனிடம் செவிமடுத்ததனால் செய்யப்பட்டது. செவிமடுத்தலில் பிறந்த கருவி, செவிமடுத்தலுக்கு மேலான நீதிமன்றம் ஆதல் எங்ஙனம்?

கருவியின் கண்ணும் குறையற்றதன்று. ஒளி மூளையின் மேற்பரப்பைத்தான் எட்டுகின்றது; அச்சமும் துயரமும் ஊறும் ஆழப் பகுதிகளை அது காணாது. நெற்றித் தோலில் ஓடும் குருதியும் அளவீட்டில் கலந்துவிடுகின்றது என்பதை 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்களே எடுத்துக்காட்டினர். கறுத்து அடர்ந்த கூந்தலும் கருநிறத் தோலும் ஒளியைத் தடுக்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கறுப்பினத்தவரின் பிராணவாயுக் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிடுகின்றது என்று 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒளி எல்லோர் மீதும் ஒன்றாகத்தான் விழுகின்றது. எல்லோரையும் ஒன்றாக அளப்பதில்லை.

சொல்லும் பிழைபடும் அன்றோ, பொய் சொல்வோரும் உளரே எனச் சிலர் கேட்கலாம். உண்மை. நோயுற்றவர் தம் நிலையைத் தாமே அறியாமல் போவதும் உண்டு. அதனால்தான் இரண்டாவது சாட்சியை நாம் வரவேற்கின்றோம். "என் நோய் படத்தில் தெரிந்தது; நான் பொய் சொல்லவில்லை" என ஆறுதல் பெறுவோரின் கண்ணீரையும் மதிக்கின்றோம். ஆனால், படத்தில் நோய் தெரிந்தால்தான் நம்புவோம் என்னும் வழக்கம் வேரூன்றுமானால், படத்தில் தெரியாதவரின் கதி என்ன? "கருவியே ஒன்றுமில்லை என்றுவிட்டது, எழுந்து வேலையைப் பார்" என்று வீட்டார் சொல்லும் நாளில், அவருடைய கடைசிக் கதவும் அடைபட்டுவிடும். இரண்டாவது சாட்சி வந்ததென்று முதல் சாட்சியை வெளியேற்றுதல் நீதியாகாது.

மற்றோர் அச்சமும் உண்டு. ஒருவரின் உள்ளக்கிடக்கை அவரிடமுள்ள அமானிதம். அவர் மருத்துவரிடம் சொல்வது தாமே விரும்பித் திறந்து காட்டுவது. மூளையின் படமோ அவர் வாய் திறவாமலே பேசுவது. அப்படம் வேலை கொடுப்பவரின் மேசைக்கோ, திருமணப் பேச்சு நடக்கும் கூடத்திற்கோ போய்ச் சேர்ந்தால் என்னாகும்? மூளையின் மின்னலைகளைக் கொண்டு குற்றவாளியைச் சோதிக்கும் முறை பற்றிய வழக்கில், ஒருவரது இசைவின்றி அவ்வாறு செய்தல் கூடாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள அந்தக் காப்பு, நோயுற்றவருக்கு இன்னும் மிகுதியாக உரியதென்பதே நம் கருத்து.

அதே ஜப்பானிலிருந்து வேறொரு பாடமும் நமக்குக் கிடைக்கின்றது. மனம் பிளவுண்ட நோய் எனப் பொருள்படும் பழைய பெயரால் நோயாளிகள் நாணிக் குன்றுகின்றனர் என்றுணர்ந்து, 2002இல் அந்நாட்டு மனநல மருத்துவர்கள் அப்பெயரையே மாற்றினர். நோயாளிகளின் குடும்பத்தார் விடாது கேட்டதன் பயன் அது. அதனைச் செய்ய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. நாமோ மனச்சிதைவு என்னும் சொல்லை இன்னும் கூசாமல் வழங்கி வருகின்றோம்.

ஒளிக்கருவிகள் வளரட்டும், அவற்றின் பிழைகள் திருந்தட்டும், மருத்துவரின் தடுமாற்றத்தை அவை தீர்க்கட்டும். ஆனால், நம் வீட்டில் ஒருவர் தம் துயரத்தை வாய்விட்டுச் சொல்லும்போது அதனை நம்பிக் கேட்கும் கடமையை எக்கருவியிடமும் நாம் ஒப்படைத்துவிட முடியாது. முதற்சாட்சி அவரே. நம் செவி திறந்திருந்தால் அவர் மருத்துவரிடம் போய்ச் சேர்வார். கருவியின் பயன் அதற்குப் பின்னரே தொடங்கும்.