ஈடு கொடுக்க முடிவதும் ஈடு கொடுப்பதும்

பன்னாட்டு வணிகம் ஒரு நாட்டின் மொத்த வருவாயைப் பெருக்கும் என்பதைப் பொருளியலறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாக வலியுறுத்தி வருகின்றனர். துணி, திராட்சை மது ஆகிய இரண்டையுமே இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் செய்யவல்ல போர்ச்சுகலுக்கும்கூட, மதுவில் மட்டும் கருத்தூன்றித் துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொள்வதே ஆதாயம் என்று 1817இல் டேவிட் ரிக்கார்டோ எண்களைக் கொண்டு காட்டினார். ஒப்பீட்டு நலன் எனப்படும் கோட்பாடு இதுவே. ஆனால் நாடு பெறும் ஆதாயம் வேறு, நாட்டிலுள்ள ஒவ்வொருவரும் பெறும் ஆதாயம் வேறு. இந்த இடைவெளிக்கு 1939இல் நிக்கோலஸ் கால்டோரும் ஜான் ஹிக்ஸும் ஓர் அளவுகோல் தந்தனர்: ஒரு மாற்றத்தால் பயனடைந்தவர்கள், இழந்தவர்களுக்கு ஈடு கொடுத்த பின்னும் தமக்கு மிச்சம் வைத்துக்கொள்ள முடியுமானால் அம்மாற்றம் பொருளியல் நோக்கில் முன்னேற்றமே, ஈடு உண்மையிலேயே கொடுக்கப்பட வேண்டும் என்பது அந்த அளவுகோலின் நிபந்தனை அன்று. கணக்குக்கு அது போதும். அறத்துக்குப் போதுமா என்பதே ஆராயத்தக்கது.

திருப்பூரின் வரலாறு இக்கேள்விக்கு நல்லதோர் உரைகல். உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைத்துவந்த அவ்வூர், 1970களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் ஆடை அனுப்பத் தொடங்கி, இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் முதலிடம் பெற்றது. வானம் பார்த்த நிலங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வாரக்கூலி தம் கையிலேயே கிடைத்தது என்பதை எந்த விமர்சனமும் சிறுமைப்படுத்தக் கூடாது. அதேவேளை, செல்வ நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் இறக்குமதி செய்வோம் என்று வகுத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தபின், சீனாவும் வங்கதேசமும் கேட்கும் விலையோடு திருப்பூர் போட்டியிட வேண்டியதாயிற்று. விலையில் விட்டுக்கொடுத்ததை ஈடுகட்ட எளிதில் கைவைக்கக்கூடிய இடம் பீஸ் ரேட் கூலியும், பன்னிரண்டு மணி நேரம் நீளும் ஒன்றரை ஷிப்டுமே. தொழிலாளர் விரும்பித்தானே வருகின்றனர் என்ற வாதத்துக்கு ஓரளவு வலு உண்டு. எனினும் இசைவு என்பது மறுக்கும் வசதி உள்ளவரிடத்தில்தான் முழுமை பெறும்.

இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லாதவர்கள், திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தனர். பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிப்பதற்கு உப்பு ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. அந்த உப்போ துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறிவிடும். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் விட்ட அந்நீர் நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. எந்த உழவர்களுக்காக அணை எழுந்ததோ, அவர்களே அதன் மதகைத் திறக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. கிணறுகள் உவர்த்தன, பயிர்கள் பொய்த்தன. அவர்கள் ஒரு சட்டை விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. சட்டையின் விலையில் ஒரு பங்கை மட்டும் நிலத்தால் செலுத்தினர்.

ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. சூழல் இழப்பை மதிப்பிடும் ஆணையம் 2004இல், 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 உழவர்களுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. தலைக்குப் பார்த்தால் அது சராசரியாக 9,000 ரூபாயைக்கூட எட்டவில்லை. ஈடு கொடுக்க முடியும் என்று ஏட்டில் எழுதுவது எவ்வளவு எளிதோ, உப்பேறிய நிலத்துக்கு உண்மையில் ஈடு கொடுப்பது அவ்வளவு கடினம் என்பதை இந்த எண் உணர்த்துகிறது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நீதிமன்ற ஆணை நிறைவேறாமற்போகவே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கூலியாட்கள் வேலையிழந்தனர், சாயமிடும் பணி வெளியூர்களுக்குச் சென்றது.

பட்டறைக்காரர்களை மட்டும் குற்றவாளிகளாக நிறுத்துவது நேர்மையாகாது. பிறர் கொடுக்கும் துணிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயமிட்டவர்களே அவர்களுள் பலர். நீரைச் சுத்திகரித்து உப்பைப் பிரித்தெடுக்கும் செலவை அந்தக் கூலியில் ஏற்ற, மேலே உள்ள ஏற்றுமதியாளர் இசைய வேண்டும், அவருக்கும் மேலே உள்ள அயல்நாட்டு வணிகர் இசைய வேண்டும். ஆதாயம் இச்சங்கிலி வழியே மேலேறும்போது பொறுப்பும் உடன் ஏறியாக வேண்டும்; மிகுதியாகப் பெறுபவரும், விலையை மாற்றவல்லவரும் மேலே இருப்பவரே. வழக்கிலோ அந்த வணிகருக்கு இடமே இல்லை. அந்நிய மண்ணில் தமக்குப் பொருள் தருவோர் இழைக்கும் தீங்கையும் கண்காணிக்க வேண்டும் என்று பெருநிறுவனங்களைப் பணிக்கும் சட்டத்தை பிரான்ஸ் 2017இல் இயற்றியது. 2023 முதல் ஜெர்மனியிலும் அத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும் ஜெர்மானியச் சட்டம், அதன் கடமைகளை ஒரு நிறுவனம் மீறியது என்ற காரணம் ஒன்றைக் கொண்டே இழப்பீடு கோரும் உரிமையைத் தீங்குற்றவருக்கு வழங்கவில்லை.