நோயின் பெயர் யாருக்குச் சொந்தம்?

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து நாட்பட்ட இருமலோடு கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வரும் ஒரு தகப்பனாரை எண்ணிப் பாருங்கள். எக்ஸ்ரே படத்தில் சுவாசப்பையில் ஒரு நிழல் தெரிகிறது. உடனே மகன் வைத்தியரைத் தனியே அழைத்து, "அப்பாவுக்கு ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், டொக்டர்" என்கிறான். அன்பினால் எழும் வேண்டுகோள்தான். ஆனால் அது நியாயமானதா?

முதலில், நிழல் தீர்ப்பல்ல. சயரோகமும் நியூமோனியாவும் பழைய தழும்பும் படத்தில் நிழலாகவே தோன்றலாம். சீ.ரீ. ஸ்கேன் அதன் இடத்தையும் அளவையும் தெளிவாகக் காட்டும். எனினும் புற்றுநோய்தான் என உறுதிசெய்ய, மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்தியோ, மார்பின் வழியே ஊசி செலுத்தியோ சிறிதளவு இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். இதுவே பயொப்சி. புற்றுநோயின் வகையைப் பொறுத்துச் சிகிச்சையும் வேறுபடும். ஆகவே படத்தைக் கண்டவுடன் வீட்டார் நோய்க்குப் பெயர் சூட்டுவது அவசரம்.

இப்பரிசோதனையில் சுவாசப்பையைச் சுற்றிக் காற்றுக் கசியலாம், இரத்தமும் வரலாம். எனவேதான் நோயாளியின் சம்மதம் கேட்கப்படுகிறது. எதற்காகச் செய்கிறார்கள் என்று அறியாதவர் எதற்குச் சம்மதிக்கிறார்? அங்கே கையெழுத்து இருக்கும், சம்மதம் இராது.

"உண்மை அவரைக் கொன்றுவிடும்" என்பார் சிலர். குறளையும் துணைக்கு அழைப்பர். ஆனால் பொய்க்கு இடந்தரும்போது வள்ளுவர் விதிக்கும் நிபந்தனை கடுமையானது: விளையும் நன்மை குற்றமற்றதாயிருக்க வேண்டும். இந்தப் பொய்யால் விளைவதென்ன? வீடு முழுவதும் அறிந்ததை அவர் மட்டும் அறியார். குசுகுசுப்பிலிருந்து ஊகித்துத் தனியே அஞ்சுவார். கடனைத் தீர்க்கவும், பிணங்கிய தம்பியோடு பேசவும், நினைவு தெளிவாயிருக்கையில் நோயில்பூசுதல் பெறவும் கிடைத்த நாட்கள் வீணே கழியும்.

வைத்திய உலகமும் இதில் மனம் மாறியிருக்கிறது. 1961இல் வெளியான சிக்காகோ ஆய்வொன்றில், வைத்தியர்களில் ஏறக்குறைய 90 வீதமானோர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றனர். 1979இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் 97 வீதமானோர் சொல்வதையே விரும்பினர்.

அப்படியானால் முகத்திலறைந்தாற்போல் சொல்லிவிடலாமா? கூடாது. பயொப்சிக்கு முன்பே அவரையே கேட்க வேண்டும்: "முடிவு வந்ததும் உங்களிடம் சொல்லவா, மகனிடம் சொல்லவா?" அறிய விரும்பவில்லை என்றால் அதையும் மதிப்போம். ஆனால் அந்தத் தீர்மானம் அவருடையதாக இருக்கட்டும்.