இடிபாடுகள் தருவது தீர்ப்பா, படிப்பினையா?

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறாயிற்று என்பதைக் காணுமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் ஊர் பார்க்கக் கிளம்பும் நாம் அவ்வழைப்பை நினைந்தா கிளம்புகின்றோம்? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகின்றோம்; வேடிக்கை பார்த்து, படம் பிடித்துத் திரும்புகின்றோம். பார்ப்பது குற்றமன்று. எந்தக் கண்ணோடு பார்ப்பது என்பதே கேள்வி. அக்கேள்வியை நம்முன் வைத்தது ஒரு குழந்தை.

தாராபுரத்திலிருந்து காங்கேயம் வழியாகக் கொடுமணலுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். நொய்யலின் வடகரையில் உள்ள இச்சிற்றூரைச் சங்க நூலான பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிக்கின்றது. 1985 முதல் இங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், பல நிறக் கல்மணிகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கரூரிலிருந்து மேலைக் கடற்கரை நோக்கிச் சென்ற வணிகப் பெருவழியில் அமைந்திருந்த ஊர் இது. இன்றோ கண்ணுக்குத் தெரிவன வயல்வெளியும், ஈமக் கல்வட்டங்களும், நெட்டுக்கற்களுந்தாம்.

கல்வட்டம் ஒன்றின் அருகே நின்று, நம் வீட்டுச் சிறுமி கேட்டாள்: "அத்தா, இவங்களும் ஆது கூட்டம், ஸமூது கூட்டம் மாதிரி அல்லாஹ் அழிச்சவங்களா?"

'ஆம்' என்று சொல்ல நா எழுந்தது. மதரஸாவில் அவள் கற்ற பாடத்துக்கு அது பொருத்தமான விடையாகவே தோன்றிற்று. ஆனால் நம்மிடம் அதற்குச் சான்று என்ன? ஆதும் ஸமூதும் எதனால் அழிந்தனர் என்பதை அல்லாஹ் அறிவித்தான், ஆகவே அறிந்தோம். கொடுமணலாரைப் பற்றி அறிவித்தவர் யார்?

நாம் வந்த வழியிலே காங்கேயத்துக்கு அருகில் படியூர் இருக்கின்றது. அங்குக் கிடைத்த பச்சைக்கல்லுக்கு உரோமாபுரிச் செல்வரிடம் பெருமதிப்பு இருந்தது. இக்கல் இந்தியாவில்தான் விளைகின்றது, பிற இடங்களில் அரிது என்று உரோம அறிஞர் பிளினி எழுதி வைத்தார். அந்தப் பிளினி கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, அதன் அருகிருந்த கடற்கரையிலே உயிர் நீத்தார். பாம்பேயி நகரம் சாம்பலில் புதைந்ததும் அப்போதுதான். அந்நகரம் ஒழுக்கக்கேட்டினால் அழிந்தது என்று மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயின் அச்சாம்பலில் புதைந்தோருள் பால்குடிக் குழந்தைகளும் இருந்தனர். விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகளும் இருந்தனர். அவர்கள் செய்த பாவம் யாது?

இன்னோர் எரிமலையை நினைத்துப் பார்ப்போம். ஹிஜ்ரி 654, அதாவது கி.பி. 1256. பூகம்பங்களைத் தொடர்ந்து மதீனா முனவ்வராவின் புறத்தே தரை பிளந்து நெருப்பு ஆறாக ஓடிற்று. பல வாரங்கள் எரிந்த அந்நெருப்பைப் பற்றி, அக்காலத்தில் வாழ்ந்த இமாம் நவவீ அவர்களும் எழுதியுள்ளார்கள். நகரம் காப்பாற்றப்பட்டது. அவ்வேளையில் மதீனத்து மக்கள் செய்தது என்ன? யார் பாவத்தால் வந்தது என்று பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. ஆண்களும் பெண்களும் சிறாரும் பள்ளிவாசலில் கூடி அழுது பாவமன்னிப்புக் கேட்டனர். நகரத்து அமீர் தம் அடிமைகளை விடுதலை செய்தார். பிறரிடமிருந்து எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தார் என்று வரலாறு கூறுகின்றது. ஒவ்வொருவரும் புரட்டிய கணக்கு தத்தம் கணக்கே!

இதுவன்றோ நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பார்வை! தபூக்குப் பயணத்தின்போது ஸமூதினரின் ஹிஜ்ர் பகுதியைக் கடக்கையில், அழுதவர்களாக அன்றி அங்கு நுழையவேண்டாம் என்று தோழர்களுக்குச் சொன்னார்கள். தம் தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்து சென்றார்கள். இறைவனே தண்டித்ததாக அறிவித்த கூட்டத்தின் இடிபாட்டிலும், விரல் நீட்டிப் பேசுவதற்கு இடமில்லை. தன்னைக் குறித்து அஞ்சுவதற்கே இடமுண்டு. அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் வந்தபோது, எவருடைய வாழ்வுக்காகவும் சாவுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தியவர்களும் அவர்களே. நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்த்தவர்களும் அவர்களே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகைக் கரையை வாரிச் சென்றபோது, மாண்டவர்கள் பாவிகள் என்று சொன்ன நாவுகள் எல்லாச் சமயத்தாரிடமும் இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அச்சொல் விழுந்தால் என்னவாகும்? அது படிப்பினை ஆகாது. வெந்த புண்ணில் பாய்ச்சிய வேல் அது.

அவ்வாறாயின், அழிவுக்கும் பாவத்துக்கும் தொடர்பே இல்லையோ என்று கேட்கலாம். உண்டு. மனிதர்தம் கைகள் தேடிக்கொண்டதால் நிலத்திலும் நீரிலும் சீர்கேடு தோன்றுகின்றது என்று திருமறை கூறுகின்றது. அதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. கொடுமணலைத் தழுவி ஓடும் அதே நொய்யலில், பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்டது ஒரத்துப்பாளையம் அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கிற்று. உழவருக்கு வாழ்வளிக்க வந்த நீரே அவர்கள் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. கழிவைச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்தது. அதனால் வேலையிழந்து தவித்தவரும் ஏழைத் தொழிலாளரே.

இங்கே பாவம் உண்டு, அழிவும் உண்டு. ஆனால் பாவம் செய்தவர் ஒருவர். துன்பம் சுமந்தவர் வேறொருவர். ஆகவே, அழிவைக் கண்டால் 'அழிந்தவன் என்ன பிழை செய்தான்?' என்று கேட்பது முறையன்று. 'இதில் நம் கைக்குப் பங்குண்டா?' என்று கேட்பதே முறை. அந்தச் சாயத்தில் நனைந்த பனியனை நாமும் உடுத்தினோம். அத்தொழிலின் ஊதியத்தில் நம் உறவினர் பலரும் உண்டனர். எரிமலையை நாம் மூட்டுவதில்லை. நொய்யலைக் கெடுத்ததில் நமக்கும் பங்குண்டு.

சிறுமி விடைக்காகக் காத்திருந்தாள். "அவங்க கணக்கு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், கண்ணு. நம்ம கணக்கை நாம பார்க்கணும்" என்றோம். அவள் சற்று யோசித்தாள். பிறகு, நாம் தின்றுவிட்டு அந்தக் கல்வட்டத்தருகே போட்டிருந்த காகிதங்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். நாமும் குனிந்தோம்.